உப்பு விளக்கும் கைப்பிடிக் குழாயும்

என் வீட்டுக்காரருக்குக் கலை வரும். வருஷத்தில் மூன்று மாதம் வரும். ஐப்பசி மழை இறங்கி உப்பளத்தில் வேலை நின்றதும் வந்துவிடும். தை பிறந்து பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டத் தொடங்கியதும் போய்விடும். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் ஒரு காலி பாட்டிலைக்கூட நிம்மதியாகக் குப்பையில் போட முடியாது. "அத்த அப்படியே வை, அதுல ஒண்ணு பண்ணலாம்" என்பார். பண்ணுவார். ஆணி அடித்து மாட்டுவார். அதோடு அவர் கடமை முடிந்தது. அதன்மேல் படிகிற தூசியை யார் தட்டுவது, ஆணி துருப்பிடித்துச் சுவரில் பழுப்பாக வழிவதை யார் சுரண்டுவது என்பதெல்லாம் கலையில் சேராத விஷயம்.

ஒரு வருஷம் எக்கியார்குப்பம் கடற்கரையில் சங்கும் கிளிஞ்சலும் பொறுக்கி வந்து முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி ஒட்டினார். பாதி சங்குக்குள் பூச்சி இருந்ததை அவர் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வீடு நாறத் தொடங்கியது. எலி செத்திருக்கிறது என்று பீரோவை நகர்த்தினார், பரணில் ஏறினார், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்கும் போனார். நான் வாயைத் திறக்காமல், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியில் தலை வாரினேன். அவராகக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் கண்ணாடியின் போட்டோ சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய், எல்லாரும் இதயம் அனுப்பியிருந்தார்கள். போட்டோவில் நாற்றம் தெரியாதது அவருடைய அதிர்ஷ்டம்.

ஒரு பொருளைப் பண்ண ஒரு நாள் போதும். மரக்காணத்தில் அதை இருக்கிறபடி வைத்திருக்க எல்லா நாளும் வேண்டும். இங்கே காற்றே உப்பு. துடைக்காமல் விட்ட மின்விசிறி இறக்கையில் ஒரே மாதத்தில் புள்ளி விழும். கதவுக் கீல் முனகும். அடுப்பின் கால் பொரிந்து உதிரும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்து, காறை மாவு மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்கப் போகும் முன் எண்ணெய்த் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வருவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் என் காலை. துருப்பிடிக்காத ஒரு கீலைப் பார்த்து யாரும் இதயம் அனுப்புவதில்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது, அதை நான் மறைத்ததும் இல்லை.

அந்த வீட்டில் என் எண்ணெய்த் துணி உண்மையில் யாருக்காவது பயன்பட்டது என்றால் என் மாமனாருக்குத்தான். நாற்பது வருஷம் உப்பளத்தில் நின்றவர். வெயிலில் பளபளக்கும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் போயிற்று. நிழல் அசைவது தெரியும், அவ்வளவுதான். மாமியார் இறந்து நெடுநாளாகிறது. கையைப் பிடித்து நடத்த யாரையும் விடமாட்டார். "கைய உடும்மா, நான் என்னா கொழந்தையா" என்று உதறுவார். ஒருநாள் அவர் சுவரைத் தடவிக்கொண்டு, பின்வாசலின் இரண்டு படியையும் உட்கார்ந்தே இறங்கி, கக்கூஸுக்குத் தவழ்ந்து போனதைப் பார்த்தேன். மறுநாளே பிளம்பரைக் கூப்பிட்டு, அவர் கட்டிலிலிருந்து பின்வாசல் வரை, படியைத் தாண்டி கக்கூஸ் கதவு வரை, சுவரோடு ஓர் இரும்புக் குழாய் போடச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் யாரையும் கேட்காமல் எழுந்து போவார், வருவார். குழாயைப் பிடித்து நடக்கும்போது அவர் முதுகு நிமிர்ந்திருக்கும். அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த ராஜ்ஜியம் அந்தக் குழாய் நீளம்தான்.

புரட்டாசி கடைசியில், மழைக்கு முன்னால், அந்தக் குழாய்க்கு நான் வருஷா வருஷம் ஒரு வைத்தியம் பார்ப்பேன். சுவரில் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பழைய திருகாணிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக முடுக்குவேன். பெயிண்ட் காயும் வரை மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, "காஞ்சிடுச்சாம்மா?" என்று மணிக்கொரு தரம் கேட்பார். என் வீட்டுக்காரர் அந்த இரண்டு நாளும் பெயிண்ட் நாற்றம் தாங்காமல் டீக்கடையில் இருப்பார்.

போன புரட்டாசியில் மழை முந்திக்கொண்டது. உப்பளம் சீக்கிரமே நின்றுவிட, கலையும் சீக்கிரமே வந்துவிட்டது. இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க நண்பரோடு துணைக்குப் போனவர், அங்கே ஒரு கடையில் ரோஸ் நிறத்தில் உப்புக் கல்லைக் குடைந்து உள்ளே பல்பு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு.

"நம்ம ஊர்ல மலை மாதிரி குமிஞ்சி கெடக்குது. அவன் என்னாடான்னா ஒரு கல்ல வெச்சி லைட்டு போட்டு வித்துனு இருக்கான். நமக்கு ஏன் இது தோணல?"

நமக்கு ஏன் தோணவில்லை என்றால், நமக்கு உப்பைத் தெரியும் என்பதால். இதை நான் சொன்னேன். காதில் விழவில்லை. பாத்தியின் அடியில் கட்டியாக இறுகிக் கிடந்த உப்பை மூட்டையில் கொண்டுவந்து, பசை போட்டு ஒரு குடம் மாதிரி ஒட்டி, கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றி நிறமேற்றி, உள்ளே பல்பை மாட்டினார். கொண்டுபோய் எங்கே தொங்கவிட்டார் தெரியுமா? பின்வாசல் படிக்கு மேலே, குழாய்க்கு நேர் மேலே. "அப்பா போக வர வெளிச்சமா இருக்கும்" என்றார். கண் தெரியாத மனுஷனுக்கு வெளிச்சம். அதோடு விட்டாரா? இரும்பு கைக்குச் சில்லிடுமாம், குழாய் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் கயிறு சுற்றினார், கிளாம்புகூடத் தெரியாமல். ஒரு வாரம் நகராமல் உட்கார்ந்து சுற்றினார். ஒரு வாரம் உட்கார்ந்து அவர் வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

நான் சொன்னேன்: "மேகம் கறுத்தா தார்ப்பாய தூக்கினு உப்பு மூடப் போற ஆளு நீங்க. மழையில உப்பு கசியும்னு நானா சொல்லணும் உங்களுக்கு?"

"அது வெளிய கெடக்குற உப்பு. இது கூரைக்கு அடியில இருக்குது. மழையே படாம எப்படி கசியும்?"

அடுப்படியில் ஜாடிக்குள் இருக்கும் உப்பே ஐப்பசியில் நசநசவென்று தண்ணீர் விடும். அது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த ஜாடியை அவர் திறந்ததில்லை. உப்பிலேயே பிறந்து, உப்பிலேயே சம்பாதித்து, உப்பைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

"சரி, கயித்தப் பிரிங்க. கிளாம்பு கழட்டணும், பெயிண்ட் அடிக்கணும்."

"ஒரு வாரம் சுத்தனது. இந்த ஒரு வருஷம் உடு. கயிறு மூடினு இருக்குது, காத்தே படாது, எங்கேர்ந்து துரு வரும்? எதப் பண்ணாலும் கொற சொல்றதே உனக்கு வேலையா போச்சு."

சரி, விட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகக் கேவலமான முடிவு அது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு இனித்தது.

அடுத்த ஞாயிறு பாண்டிச்சேரியிலிருந்து நாத்தனார் வந்தாள். விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்து, கயிற்றைத் தடவிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக நின்றாள். "எங்க அண்ணன் கையப் பாருங்க அண்ணி! கலர் கலரா வீடே மாறிப்போச்சு. நீங்க குடுத்து வெச்சவங்க." அவள் சாய்ந்து நின்ற கதவு இருபது வருஷமாகச் சத்தமில்லாமல் திறந்து மூடுகிறது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அடைமழை பிடித்த மூன்றாம் நாள் விளக்கு சொட்ட ஆரம்பித்தது. கேசரிப் பவுடர் கலந்த ஆரஞ்சுத் தண்ணீர், சொட்டுச் சொட்டாகக் கயிற்றில் இறங்கி ஊறியது. தரையில் விழுந்தது வெற்றிலை எச்சில் மாதிரி கிடந்தது. முதல் நான்கைந்து நாள் பழக்க தோஷத்தில் துடைத்தேன். அப்புறம் ஒரு காலையில், துணி கையில் இருக்கும்போதே, ஏன் துடைக்க வேண்டும் என்று தோன்றியது. துடைத்தால் கறை இருக்காது. கறை இல்லாவிட்டால் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். நாத்தனார் மறுபடி வரட்டும், கயிறு அழுகிக் கிடப்பதைப் பார்க்கட்டும், விளக்கு அவர்கள் கண்முன்னாலேயே பொத்தென்று விழட்டும். அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே கடைக்குப் போவேன். பத்திரங்களை ஜெராக்ஸ் எடுக்கும்போது சிரிப்பு வரும்.

மாமனாரின் உள்ளங்கை தினமும் ஆரஞ்சாக இருந்தது. காபி டம்ளரில் விரல் பதியும். நான் சோப்புப் போட்டு டம்ளரைக் கழுவி வைப்பேன். ஒருநாள் அவரே கேட்டார்.

"கயிறு பிசுபிசுன்னு இருக்குதேம்மா. கையில ஒட்டுது."

"உங்க புள்ள பண்ண அலங்காரம் மாமா. அவரையே கேளுங்க."

அவர் கேட்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கார்த்திகை பிறந்து சில நாள் இருக்கும். காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் இரும்பு கல்லில் இடித்த சத்தம் கேட்டது. ஓடினேன். படிக்கு மேலே இருந்த கிளாம்பு சுவரை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. திருகாணி இருந்த இடத்தில் பழுப்பாகக் கொஞ்சம் தூள். உப்புத் தண்ணீரைக் குடித்த கயிறு, ஈரக் கட்டுப் போட்ட மாதிரி, ஒரு மாதமாய் இரும்பைப் பிடித்துவைத்துத் தின்றிருக்கிறது. மாமனார் படிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கை இன்னும் குழாயை விடவில்லை. விளக்கு விழவில்லை. அது ஒரு கீறல் இல்லாமல் மேலே எரிந்துகொண்டிருந்தது.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. பாண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இந்த வயதில் இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். நாத்தனார் அழுதாள். "இரும்பு பழசாயிடுச்சி, யார் என்னா பண்றது" என்றாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வருஷா வருஷம் அதைக் கழற்றி மாட்டியது அவர்கள் மனதில் பதிந்திருந்தால்தானே இந்த வருஷம் மாட்டவில்லை என்று சொல்வதற்கு! பார்க்கத் தெரியாதவர்கள் என்று அவர்களை நான் இத்தனை வருஷம் மட்டமாக நினைத்தேனே, அந்தப் பார்க்காத கண்கள் அன்றைக்கு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தன.

என் வீட்டுக்காரர் மட்டும் கட்டில் பக்கத்தில் நின்று, விவரமான ஆள் மாதிரி, அப்பாவைக் கேள்வி கேட்டார்.

"ஏம்பா, கிளாம்பு ஆடறது கைக்குத் தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சிது. ரெண்டு நாளா ஆடிச்சி."

"அப்பறம் ஏன் புடிச்ச?"

மாமனார் நான் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"மருமவ பாக்குற குழாய். அது அப்படில்லாம் உடாதுன்னுதான் புடிச்சேன்."

வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரருக்கு உப்பு கசியும் என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தவரைவிடத் தெரிந்து செய்யாமல் இருந்தவள் எந்த விதத்தில் உசத்தி? அன்றுவரை அந்தக் குடும்பத்தில் எல்லாரையும்விட நான் ஒரு படி மேலே என்று நினைத்திருந்தேன்.

இப்போது மாமனார் கட்டிலோடு கட்டிலாக இருக்கிறார். என் வீட்டுக்காரர் தேங்காய்ச் சிரட்டையில் பூ வெட்டி, உள்ளே மணி கட்டி, தலைமாட்டில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார், அவசரத்துக்குக் கூப்பிட. அப்பா மேல் என்ன பாசம் என்று போட்டோவுக்கு வழக்கம்போல இதயங்கள் வந்தன. தை பிறந்ததும் அவர் உப்பளத்துக்குப் போய்விட்டார். மணியின் நாக்குத் துருப்பிடிக்காமல் நான் எண்ணெய் போட்டு வைக்கிறேன். ஆனால் அது இதுவரை ஒருதடவைகூட அடிக்கவில்லை. ஒன்றுக்குப் போக இடுப்புத் துணியை அவிழ்க்கச் சொல்லி ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிடாமலிருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போகிறேன். மத்தியானம் வந்து பார்த்தால் இரண்டு மிடறு குறைந்திருக்கும். "ஏன் மாமா தண்ணியே குடிக்கல?" என்று தினமும் கேட்கிறேன். உதடு வெடித்துக் கிடக்கிறது. "தாகமே எடுக்கலம்மா" என்கிறார்.