இகுவானாவின் இடது கன்னம்

கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கேமராவில் விழுந்த படத்தை விழுந்தபடியே யாருக்கும் கொடுக்கக் கூடாது. பருவை எடுத்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைத் துடைத்து, இரட்டைத் தாடையை ஒற்றையாக்கி, நிறத்தை இரண்டு படி ஏற்றிய பிறகுதான் படம் வீட்டை விட்டு வெளியே போகும். செம்மண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். கடலூரில் யாருக்கும் சொந்த முகத்தோடு கல்யாணம் நடந்ததில்லை என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நானும் பெருமையாகச் சிரிப்பேன். அந்தப் பெருமை நாசமாய்ப் போக.

அவளுடைய தம்பி சிதம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். முப்பத்தாறு வயது. பெண் பார்க்கப் போன இடமெல்லாம் ஏதோ ஒன்று தட்டிப்போய், ஒரு கட்டத்தில் நாங்கள் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். மாடி வீட்டில் தனியாக இருந்தான். துணைக்கு ஒரு இகுவானா. ஓணான் ஜாதிதான், ஆனால் வாலையும் சேர்த்தால் என் இடுப்பு உயரத்துக்கு வரும். நான்கு வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து உள்ளங்கை அளவில் வாங்கி வந்தான். அதற்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, மேலே ஒரு குண்டு பல்பு, காலையில் முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ. கடையைச் சாத்திவிட்டு வந்தால் அது தோளில் ஏறி உட்காரும். அன்றைக்கு ரிப்பேருக்கு வந்த போன்களின் கதையை அவன் அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பான். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது, அவனிடமே சொல்லியும் இருக்கிறேன்.

போன ஆடி மாதம் அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, மூணு நாளா எதுவும் துன்ன மாட்டேங்குது. பூவ நீட்டுனா மூஞ்சத் திருப்பிக்குது. இங்க இருக்கற மாட்டு டாக்டர் இத நான் பாத்ததே இல்லன்னு கைய விரிச்சிட்டாரு. சென்னையில ஒரு டாக்டர் இருக்காரு, மூஞ்ச ரெண்டு பக்கமும் கிட்டக்க எடுத்து அனுப்புன்றாரு. என் போன்ல எடுத்தா கலங்கலா வருது. நீங்க கொஞ்சம் வரீங்களா?"

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிப் போனேன். மோதிரத்தையும் மருதாணியையும் எடுப்பதற்காக வாங்கிய லென்ஸ் ஒன்று இருந்தது. கூண்டின் கதவைத் திறந்து, தரையில் குப்புறப் படுத்து, ஒரு சாண் தூரத்தில் அதன் முகத்தைப் பிடித்தேன். செதில் செதிலாகத் தெரிந்தது. கண் பாவை சுருங்குவதுகூடத் தெரிந்தது. அது அசையவே இல்லை.

"இவ்ளோ ஒத்துழைக்கற மாப்பிள்ளைய நான் பாத்ததே இல்ல மச்சான்" என்றேன். அவனும் சிரித்தான். அசையாமல் கிடப்பதே நோய் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

இடது பக்கம் எடுக்கும்போது தாடை வெற்றிலை அதக்கிய மாதிரி லேசாகப் புடைத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு நான் நினைத்தது, சிலருக்கு ஒரு பக்கம் சரியாக அமையாது, வீட்டில் போய்ச் சரி செய்துகொள்ளலாம் என்பதுதான். தினமும் பார்க்கிறவனுக்கு அந்தப் புடைப்பு கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. எனக்குப் பட்டது.

சாயங்காலம் வீடு திரும்பி, காபியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சென்னை டாக்டர் பார்க்கப் போகிற படம், வேலை மட்டமாக இருக்கக் கூடாது. இடது கன்னத்தை உள்ளே தள்ளி வலதோடு சமமாக்கினேன். மங்கிப் பழுப்பேறியிருந்த தோலைப் பச்சையாக்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கை தன் பாட்டுக்குச் செய்தது. அப்படியே டாக்டருக்கும் மச்சானுக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மச்சான் சந்தோஷமாகக் கூப்பிட்டான். "டாக்டர் பாத்துட்டாரு மாமா. தாடை வீங்கியிருக்கான்னுதான் பாத்தாராம், வீங்கல, கலரும் நல்லா இருக்குன்னாரு. ஒரு வாரம் பாப்போம்னாரு. போட்டோ சூப்பர்னாரு."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நூல் அளவு தள்ளியதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்கடுத்த இரண்டு நாளும் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் இகுவானாவுக்குக் கால்கள் உதற ஆரம்பித்தன. காரில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக மச்சான் அதை மடியில் துண்டு சுற்றி வைத்திருந்தான். டாக்டர் தாடையை விரலால் தொட்டுப் பார்த்தார். எலும்பு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது என்றார். வெயில் இல்லை, சாதாரண பல்பு போதாது, சுண்ணாம்புச் சத்து இல்லை என்றார்.

"போட்டோல வீக்கமே இல்லியே. ஒரே வாரத்துல இவ்ளோ வேகமா நான் பாத்ததில்ல. அப்பவே தெரிஞ்சிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தான். "ஒரு வாரத்துல இப்டி ஏறிடுச்சே மாமா" என்றான். நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அந்தத் தலையாட்டல். அரை மணி நேரத்தில் இகுவானா டாக்டரின் மேஜை மேலேயே செத்துப்போனது.

வீட்டுக்கு வந்ததும், திருத்தாத படத்தைத் திறந்து பார்த்தேன். வீக்கம் தெளிவாக இருந்தது. யார் பார்த்தாலும் தெரியும்.

பதினைந்து நாள் கழித்து மச்சான் மறுபடியும் கூப்பிட்டான். கூண்டை யாருக்கோ கொடுத்துவிட்டானாம், வீடு வெறிச்சென்று இருக்கிறதாம்.

"டாக்டருக்கு அனுப்புனீங்கல்ல மாமா, அந்த போட்டோவ பெருசா பிரேம் போட்டுக் குடுங்க. நான் எடுத்தது எதுவும் நல்லா இல்ல. அதுலதான் நல்லா தெம்பா இருக்கு."

பிரேம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சொல்லிவிடுவது என்றுதான் ரயிலேறினேன். கூண்டு இருந்த இடத்துக்கு மேலே சுவரில் பென்சிலால் குறி போட்டுவைத்துக் காத்திருந்தான். ஆணியை நான்தான் அடித்தேன். அவன் எட்டி நின்று, இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது மாமா, சரி பண்ணுங்க என்றான். சரி பண்ணினேன்.