வெள்ளிமலையிலிருந்து அனுப்பிய தாள்கள்

பக்கவாதம் வந்தபோது என் கணவருக்கு வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. அதுவரை கல்வராயன் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். நான் வெள்ளிமலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவேன். மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து அவருக்குச் சோறு ஊட்டுவார். மற்ற நேரமெல்லாம் அவர் தனியாகத்தான் இருந்தார்.

ஆரம்பத்தில் பள்ளியிலிருந்து போன் செய்து பார்த்தேன். காதில் வைத்துக்கொள்வார், மூச்சு மட்டும் கேட்கும். பிறகு அழுவார். ஒருநாள் அக்கா, "போன் பண்ணாதீங்க டீச்சர். நீங்க வச்சப்புறம் ரொம்ப நேரம் அழுதுக்கினே கீறாரு" என்றார். அதோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தது. வினாத்தாள் எடுக்க வாங்கியது. மலையில் இருந்தபடியே லேப்டாப்பில் கட்டளை கொடுத்தால் வீட்டில் தாள் வந்து விழும்படி அதைக் கடைக்காரர் அமைத்துக் கொடுத்திருந்தார். நெட் சிக்னலுக்காக மட்டும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறவேண்டும். ஒருநாள் வினாத்தாளை அனுப்பிவிட்டு, என்ன தோன்றியதோ, இன்னொரு தாளில் பெரிய எழுத்தில் "மலையில் மழை. எனக்குக் குளிர்கிறது" என்று அடித்து அனுப்பினேன்.

மறுநாள் அக்கா சொன்னார்: "அந்தத் தாள மார்மேல வச்சிக்கினு தூங்கினாரு டீச்சர்."

அதன்பிறகு தினமும் அனுப்பினேன். சாமை அறுப்பு தொடங்கியது, வளைவில் ஜீப் மண்ணில் சிக்கியது, ஒரு பிள்ளை வகுப்பிலேயே தூங்கிவிட்டது என்று எல்லாவற்றையும் எழுதினேன். பிரிண்டர் அவர் கட்டிலருகே இருந்தது. இடது கையால் எடுத்துப் படிப்பார். பதில் ஏதும் வராது. அச்சாகிவிட்டது என்று லேப்டாப் காட்டுவதைப் பார்த்துவிட்டு மேட்டிலிருந்து இறங்குவேன்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பிரிண்டர் தட்டில் கிடந்த தாள் விநோதமாக இருந்தது. "தயிர்சாதம் இருக்கிறது, சாப்பிடுங்கள்" என்ற என் எழுத்துக்கு அடியில் பேனாக் கிறுக்கல். என்னிடமிருந்து தாள் வருகிற இயந்திரம்தானே, அதற்குள் வைத்தால் தன் தாளும் என்னிடம் வந்து சேரும் என்று நினைத்திருக்கிறார். இடது கையால் எழுதி உள்ளே செருகியிருக்கிறார். நான் அடுத்து அனுப்பியது அதன்மேலேயே அச்சாகிவிட்டது. ஒரு சொல்தான் படிக்க முடிந்தது. பயமா.

கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். "இன்னாங்க பயம்?"

தலையை மட்டும் ஆட்டினார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மறுநாளே இடமாறுதலுக்கு விண்ணப்பித்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தேன். அந்த நாட்களில் அவர் முகம் தெளிந்தது. பக்கத்தில் இருந்தாலும் தாளில் எழுதித்தான் பேசுவேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. விடுப்பு தீர்ந்து மறுபடி மலைக்குக் கிளம்பிய காலையில் என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே, மதிய நேரத்தில் அக்கா போன் செய்தார். "உடனே கெளம்பி வாங்க டீச்சர்." குரலிலேயே தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் ஒரு ஜீப்பில் மலையிறங்கினேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார் டிரைவர்.

எல்லாம் முடிந்தபின் அக்காவிடம் கேட்டேன். "அன்னிக்கு அனுப்புனத படிச்சாராக்கா?"

"தெரிலமா" என்றார். டீச்சர் என்று கூப்பிடவில்லை. "நான் வந்தப்போ தாளு தட்டுலதான் கெடந்துது."

சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று அதில் எழுதியிருந்தேன்.

மழைக்காலத்தில் மாறுதல் ஆணை வந்தது. மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி. வீட்டிலிருந்து போய்வர எளிது. சேர்ந்துவிட்டேன்.