வாசலில் காயப்போட்ட படுதா

ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். மெல்பர்னில் எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒரு வாரம், வேண்டாத சாமான்களை வாசல் புல்தரையில் வைத்துவிடுகிறார்கள். சோபா, டிவி, ஓட்டை இல்லாத வாளி. யாரும் எடுத்துப் போகலாம், கேட்கக்கூட வேண்டாம். எங்கள் ஊர் அரும்பாவூர்ப் பக்கம் மக்காச்சோளத்தை ரோட்டோரம் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். ஒருவரும் தொட மாட்டார்கள். அந்த நினைப்பில் நானும் அதே வாரத்தில் என் படுதாவை அலசி அந்தப் புல்லில் காயப்போட்டேன். சாயங்காலம் காணோம்.

நான்கு சிமெண்டுச் சாக்குகளைப் பிரித்து, வரிசையாகத் தைத்த படுதா. அரியலூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார். வாய்க்காலில் அலசியதில் சிமெண்டுத் தூள் பட்டு இரண்டு பேருக்கும் கை வெந்துபோனது. அவர் இழுத்துப் பிடிக்க, நான் கோணி ஊசியால் தைத்தேன்.

"கோணலாப் போவுது பாரு, கண்ண எங்க வச்சிருக்க?"

"நீங்க மொதல்ல ஆடாமப் புடிங்க."

அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டுக்கு இங்கே வந்தபோது, வற்றல் போட உதவும் என்று சொல்லிப் பெட்டியில் எடுத்து வந்தேன்.

படுதாவை எடுத்தது எதிர்வீட்டு ரூத் என்று மகள் செல்வி விசாரித்து வந்தாள். ரூத் பழைய இரும்பில் சிலை செய்பவர். இருவரும் போய்ப் பார்த்தோம். அவர் கொட்டகையில், துருப்பிடித்த கம்பிகளையும் குழாய்களையும் வளைத்துச் செய்த பறவை ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இரண்டு இறக்கைக்கும் சேர்த்து என் படுதாவை விரித்திருந்தார். வெளிச்சத்தில் ஊசி ஓட்டைகள் மினுங்கின. அழகாக இருந்தது. அதனால் கேட்க வாய் வரவில்லை.

"கேளும்மா. ஒன்னோடதுதான?"

"அது றெக்கையாயிடுச்சு, புள்ள. எப்படிப் புடுங்குறது?"

"சரி, வூட்டுக்கு வந்து அழுவாத."

செல்வியே சொல்லிவிட்டாள். ரூத் முகம் சிவந்து, சாரி சாரி என்று ஏணியை இழுத்தார். முழுதும் கழற்றப் போனவரின் கையைப் பிடித்தேன். கோபம் என்று நினைத்து இன்னும் பயந்தார். நடுத்தையலைக் காட்டி, விரலால் வெட்டிக் காட்டினேன். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கத்தரியைக் கொடுத்தார். நானே பிரித்தேன். நேர்த் தையல் இருந்த பாதி அவருக்கு. கோணல் தையல் எனக்கு.

ஒற்றை இறக்கையோடு அந்தப் பறவை இப்போது ரூத் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. எங்கள் வேலிக்குள் மற்ற பாதியில் மோர்மிளகாய் காய்கிறது. காற்று வந்தால் அங்கே அது படபடவென்று எழும்புகிறது. இங்கே இது எழும்பாமல் இருக்க நான் நான்கு மூலையிலும் கல் வைக்கிறேன்.