மலாவி ஏரிக்கரையில் இரண்டு அறை

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கரூர் வண்டி ஏறியபோது காலை ஏழு மணி. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நகரப் பேருந்தில் நின்றுகொண்டே வந்ததில், தேய்த்துப் போட்ட சட்டை அதற்குள் கசங்கிவிட்டது. நான் இறங்க வேண்டியது பரமத்தி வேலூர். எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். எங்கள் குடும்பத்தின் ஆப்பிரிக்கப் பயணம் இந்த ஜன்னலோர இருக்கையில்தான் தொடங்கியது.

போகிறவன் நானல்ல, செந்தில். என் சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது சிறியவன். ஆறு வருடம் மலாவியில் போர்வெல் ரிக் ஓட்டினான். இப்போது மனைவி கோகிலாவுக்கு அந்த நாட்டைக் காட்டப் போகிறானாம். ஏரிக்கரையில் நான்கு நாள், காட்டில் மூன்று நாள். “ஒரு எட்டு வந்து பிளானைப் பாத்துட்டுப் போங்ண்ணா, அப்படியே கோயிலுக்கும் போலாம்” என்று போனில் கூப்பிட்டிருந்தான். கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்; இதற்குத்தான் எங்கள் பக்கம் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். எனக்கு ஒரு வாரமாகவே அது அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அயோத்தியாப்பட்டணத்தில் பெயிண்டுக் கடை. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் என் மனைவி செல்வியை நான் கூட்டிப் போன பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். எங்களையும் சேர்த்துக்கொள் என்று அவனிடம் கேட்க ஆசை. என்னைவிடச் சின்னவனிடம் போய்க் கேட்பதா? வாய் வரவில்லை. அவனாகக் கூப்பிடட்டுமே என்று இருந்தேன். அவனும் கூப்பிடவில்லை.

ராசிபுரம் பிரிவு தாண்டியதும், செந்தில் அனுப்பிய வீடியோவைப் போனில் மறுபடி போட்டேன். நீர்யானை ஒன்று வாயைப் பிளந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். நாமக்கல் லாரி டிரைவராம்.

“எந்த ஊருங்க இது?”

“ஆப்பிரிக்காங்க. மலாவி ஏரி.”

“போறீங்களாக்கு?”

“ஆமாங்க, ஆவணியில” என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை.

“குடுத்து வெச்சவருங்க நீங்க. நானு லாரில அசாம் வரைக்கும் போயிருக்கேன். எல்லாம் கண்ணாடி வழியாப் பாத்ததோட சரி.” அவர் முகத்தில் தெரிந்த பொறாமை எனக்கு இளநீர் குடித்ததுபோல் இருந்தது. நாமக்கல்லில் அவர் இறங்கும்வரை ஆப்பிரிக்காவுக்குப் போகிறவனாகவே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதரைக்கு வேலூர். செந்தில் காரோடு நின்றான். வீட்டில் கோகிலா இட்லி வைக்க, அவன் மடிக்கணினியைத் திறந்தான். பெங்களூரிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து லிலாங்வே. பிறகு சாலையில் நூறு கிலோமீட்டர் போனால் சலீமா கரை.

“கடலாட்டம் அலையடிக்குமுங்ண்ணா. ஆனா வாயில வெச்சா உப்பே இருக்காது. சாயங்காலம் சாம்போ மீனு சுட்டுத் தருவாங்க. அப்புறம் தெக்க எறங்கி லிவோண்டே காடு. ஆவணில மழ கெடையாது, யானையெல்லாம் ஆத்துக்கே வந்துரும்.”

“ஏரியில முதலை இருக்குதாமே? நத்தையிலிருந்து ஏதோ புழு தோலுக்குள்ள ஏறுமாமே?” இதையெல்லாம் நான் இரண்டு நாளாகத் தேடிப் படித்து வைத்திருந்தேன்.

“அதுக்கு மாத்திர இருக்குதுங்ண்ணா” என்று சிரித்தான்.

ஏரிக்கரை விடுதியின் இணையப் பக்கத்தைக் காட்டினான். புல் வேய்ந்த கூரை, வாசலிலேயே மணல். இரண்டு அறை எடுக்கப் போகிறானாம். காட்டுக்கு நாலு பேர் உட்காரும் ஜீப். அவன் மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், வரப்போவதில்லை. இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு அறை? ஒன்று உடம்புக்கு, ஒன்று திமிருக்கா? இன்னொரு இட்லி வைக்க வந்த கோகிலாவைப் போதும் என்று தடுத்தேன்.

பதினோரு மணிக்குக் குலதெய்வக் கோயில். காவிரிக்குப் போகும் வழியில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே கருப்பணார் இருக்கிறார். எங்கள் பங்காளிகள் எந்தப் பெரிய காரியத்துக்கும் இங்கே பூக் கேட்காமல் இறங்குவதில்லை. வெள்ளை நந்தியாவட்டை ஒரு வெற்றிலையில், செவ்வரளி இன்னொன்றில். ஒரே மாதிரி மடித்துப் பூசாரி சாமி காலடியில் குலுக்கிப் போடுவார். வெள்ளை வந்தால் நடத்தலாம், சிவப்பு வந்தால் கூடாது. கேட்பதை மனதுக்குள்தான் கேட்க வேண்டும். பூ வரும்வரை வெளியே சொல்லக்கூடாது.

செந்தில் கண்ணை மூடினான். நானும் மூடினேன். கருப்பணா, சிவப்பு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் பிள்ளையின் பரீட்சைக்குக்கூட அவ்வளவு உருகி வேண்டியதில்லை.

கோகிலா ஒரு மடிப்பை எடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

செந்திலின் முகம் விழுந்துவிட்டது. எனக்குள் தவில் கொட்டியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “விடு சாமி, மனச விடாத. இந்தப் பயணம் இல்லீன்னா இன்னொண்ணு” என்றேன்.

“பயணம் நிக்காதுங்ண்ணா. அதுக்குப் போன வெள்ளிக்கெழமயே கேட்டாச்சு. வெள்ளப்பூ வந்துருச்சு.”

“அப்ப இன்னிக்கு?”

“உங்களையும் அண்ணியையும் கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டனுங்ண்ணா. மொதல்லயே கூப்புட்டுப்போட்டு அப்புறம் வேண்டாம்னா நல்லாருக்காது பாருங்க. கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். உங்களுக்கும் அண்ணிக்குந்தான் அந்த ரெண்டாவது ரூமு.”

“இன்னொருக்காக் கேக்கலாமா?” என்று பூசாரியைப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“சாமி வாக்கு வெளையாட்டா?” என்றார் அவர். “அடுத்த தையிலதான்.”

மூன்று மணி வண்டியில் சேலத்துக்குப் புறப்பட்டேன். செந்தில் வெற்றிலைக் கட்டு ஒன்றும் வாழைத்தார் ஒன்றும் ஏற்றிவிட்டிருந்தான். பரமத்தி தாண்டுவதற்குள் அவனே போனில் கூப்பிட்டான். அந்த அறையைக் கோகிலாவின் தம்பிக்குச் சொல்லிவிட்டானாம். அவன் மனைவியோடு வருகிறானாம்.

“அவனுக்குப் பூக் கேக்கலையா?”

“மச்சான் பங்காளி இல்லீங்களேண்ணா. அவிங்களுக்கு வேற சாமி.”

வரும்போது பார்த்த அதே சாலை. ஜன்னலுக்கு வெளியே கோழிப் பண்ணைகள், பாதி கட்டிய லாரிக் கூடுகள், தண்ணீரில்லாத ஓர் ஏரி. வேறு சாமி வாய்த்த அந்த மச்சானை நினைத்து நெஞ்சு எரிந்தது.

அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். செல்வி வாசலிலேயே நின்றாள்.

“பூ என்ன வந்துச்சுங்க?”

“சிவப்பு.”

“அடப் பாவமே” என்றாள். “செந்திலும் கோகிலாவும் எத்தன ஆசையா இருந்தாங்களோ! நானும் காலையில வெளக்குப் போட்டு, வெள்ளப்பூ வரணும்னு வேண்டிக்கிட்டேனுங்க.”

வாழைத்தாரை எங்கே இறக்கி வைப்பது என்று கேட்டபடி அவளைக் கடந்து உள்ளே போனேன்.