மருந்து எழுதாத டொக்டர்

இடப்பக்க அடிவயிற்றில் வலி வந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கானைப் பார்த்த டொக்டர், என் பெருங்குடலின் சுவரில் சின்னப் பைகள் இருப்பதாகவும் ஒன்றில் மட்டும் அழற்சி என்றும் சொன்னார். லேசான டைவர்டிகுலைட்டிஸ்.

"அன்ரிபயோட்டிக் இல்லாமலே மாறும். கஞ்சித்தண்ணி, பரசிட்டமோல், ஓய்வு. காய்ச்சல் ஏறினா, நோ கூடினா, சத்தி எடுத்து வயித்தில ஒண்டும் தங்காட்டி உடனே வாங்கோ."

கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் மாமி என் வெறுங்கையைப் பார்த்தார்.

"ஒரு குளிசையும் எழுதேல்லையோ? என்ர முழங்காலுக்கே அஞ்சு விதம் தந்தவங்கள். இவர் படிச்ச டொக்டர்தானோ?"

தாய் சொன்னதைக் கேட்ட கணவர் வெளியே போனார். தனக்குத் தெரிந்த இன்னொரு டொக்டரிடம் எழுதுவித்து, அன்ரிபயோட்டிக் அட்டையுடன் திரும்பினார்.

"நீர் இதைக் குடிக்க வேணுமெண்டில்லை. ஒரு பாதுகாப்புக்குக் கிடக்கட்டும்."

அது தலைமாட்டில் கிடந்தது. பக்கத்தில் நான் கிடந்தேன். அந்த நாட்கள் தண்ணீருக்கடியில் நடந்தவை போலிருக்கின்றன. கடற்கரை ரயில் போகையில் யன்னல் கண்ணாடி நடுங்கும். நடுக்கம் என் வயிற்றுக்குள் வந்து நிற்கும். பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவின் இசை ஒழுங்கைக்குள் நுழைந்து, திரும்பி, கரையும். அரைத்தூக்கத்தில் விசிறியின் நிழலை வலி என்று நினைத்தேன். வலியை மகளின் அழுகை என்று நினைத்தேன்.

மருந்து பாலில் இறங்குமே என்பது குடிக்காமலிருக்க எனக்கொரு சாட்டாக இருந்தது. முதல் டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன்.

"இந்தக் குளிசையால பாலுக்குப் பிரச்சினையில்லை. குடிச்சாலும் பெரிய பிழையில்லை. ஆனா உங்களுக்குத் தேவையில்லை."

சாட்டும் போயிற்று. குடிக்காமல் விட்டு ஏதும் நடந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? குடித்தால், என் பயத்துக்கல்லவா மருந்து குடிக்கிறேன்? அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். பிரிக்காமல் திரும்ப வைப்பேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், மகள் கட்டிலில் ஏறி, பால் தேடி என் மேல் தவழ்ந்து வந்தாள்.

"ஐயோ குஞ்சு, அம்மான்ர வயிறு!" மாமி ஓடிவந்தார்.

மகளின் முழங்கால் சரியாக அந்த இடத்தில் ஊன்றியிருந்தது. நான் வலிக்காகக் காத்திருந்தேன். மாமியும் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"நோகுதோ?"

"இல்லைப் போல கிடக்கு மாமி."

"போல எண்டா என்ன பிள்ளை? நோகுது, இல்லாட்டி நோகேல்லை."

"நோகேல்லை."

"அப்ப நான் காய்ச்சித் தந்த கஞ்சிதான் மாத்தினது" என்றார் மாமி.

மகள் குடித்துத் தூங்கிப்போனாள். மாமி அறையை விட்டுப் போனதும் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு, இன்னும் கொஞ்சம் பலமாக.