அட்டையில் அச்சிட்ட ஐயாயிரம்

உமாகாந்த் சார் சிவ்பூஜன் மஹ்தோவுக்கு ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்று அல்ல, வட்டிக்கு வாங்கியதும் அல்ல. வங்கிப் பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் அவர் எழுதிய தர்க்கப் புத்தகத்தின் அட்டையிலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது: 'இதில் ஒரு பிழை கண்டுபிடிப்பவர் எவராயினும் ஐயாயிரம் ரூபாய் பெறுவார்.' அவர் மாணவன் சிவ்பூஜன் கண்டுபிடித்தான். ஏழு வருடம் ஒரு பைசா வரவில்லை.

நான் ராம்சகல் ராய். மூன்றாம் வகுப்போடு சரி. பன்னிரண்டு வயதில் பாட்னா வந்து டீ கிளாஸ் கழுவினேன், ரிக்‌ஷா இழுத்தேன். இன்றைக்கு இதே ஊரின் முசல்லஹ்பூர்ப் பேட்டையில் இருபத்திரண்டு அறை லாட்ஜ் என் பேரில் நிற்கிறது. என் அறைகளில் படுத்து எழுந்தவர்களில் பதினாலு பேர் வங்கி அதிகாரிகள். அவர்கள் உருப்போடுவதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் குமட்டிப் போயிற்று. எல்லாக் கோப்பைகளும் குதிரைகள். சில குதிரைகள் விளக்குகள். மீசை முளைத்த ஆண்பிள்ளைகள், அப்பன் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய காசில், வட்டத்துக்குள் வட்டம் போட்டுப் படிக்கிற படிப்பு இது. கோப்பை எப்படியடா குதிரை ஆகும் என்று கேட்டால், கூற்று உண்மைக்கு மாறாக இருந்தாலும் உண்மை என்றே கொள்ள வேண்டும், அதுதான் பரீட்சை விதி என்பார்கள். தூ என்று வரும்.

சிவ்பூஜன் சமஸ்திபூர்ப் பக்கத்துக்காரன். குத்தகைக்குக் கத்தரிக்காய் போடுகிற குடும்பம். ஏழாம் நம்பர் அறையில் இருந்தான். ஊரிலிருந்து வரும் சத்து என்கிற வறுகடலை மாவு மூட்டைதான் இரண்டு வேளைச் சாப்பாடு. தாள் வாங்கக் காசில்லாமல், டம்ளரைக் கவிழ்த்து என் வெள்ளைச் சுவரெல்லாம் கரியால் வட்டம் போட்டு வைத்தான். இருநூறு ரூபாய் அபராதம் வாங்கினேன். நியாயமான அபராதம்.

அந்தப் பிழை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. கோப்பையும் குதிரையும் விளக்கும்தான் அங்கேயும். கேள்வியின் கீழே இரண்டு முடிவுகள். ஒன்று, சில கோப்பைகள் விளக்குகள். இரண்டு, எந்தக் கோப்பையும் விளக்கு அல்ல. இரண்டுமே பொருந்தாது என்று விடை போட்டிருந்தார் உமாகாந்த். சிவ்பூஜன் எனக்கு விளக்கியபோது ஒரே தடவையில் புரிந்துவிட்டது, எனக்கு மூளை அப்படி. ஏழாம் நம்பர் அறையில் ஆள் இருக்கிறான், அல்லது இல்லை. மூன்றாவது வழி ஏது? எது என்று சொல்ல முடியாவிட்டாலும் இரண்டில் ஒன்று நிச்சயம். 'இரண்டில் ஏதோ ஒன்று' என்ற விடையும் கொடுத்திருந்த தெரிவுகளில் இருந்தது.

அவன் வகுப்பில் எழுந்து இதைக் கேட்டான். உமாகாந்த் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "புஸ்தகம் எழுதுனது நானா நீயா?" என்றாராம். முந்நூறு பேர் சிரித்தார்கள். பிறகு, "சத்து மாவு மூளைக்கு ஏறிடுச்சு பாபு, உக்காரு" என்றாராம். அதற்கும் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவன் செய்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. சுவரில் போட்ட சரியான வட்டத்தை அழித்துவிட்டு, அச்சில் இருந்த விடையை மனப்பாடம் செய்தான். அந்த வருடப் பரீட்சையில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. இரண்டுமே பொருந்தாது என்று குறித்தான். சரியாக எழுதினால் ஒரு மார்க், தவறினால் கால் மார்க் பிடித்தம். அந்த ஒரு கேள்வியில் இழந்தது ஒன்றேகால் மார்க்; முக்கால் மார்க்கில் போயிற்று வேலை. அத்தோடு வயது வரம்பும் முடிந்தது.

ஊர் திரும்ப அவனுக்கு முகமில்லை. என் மாடிப்படியின் கீழே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, பையன்களுக்குப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறான். ஒன்றுக்கு இருபது ரூபாய். பணத்தைக் கேளேன் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். பணம் வேண்டாம், அந்தப் பக்கத்தைத் திருத்தினால் போதும் என்பான். இரண்டு கடிதம் போட்டான். பதில் இல்லை. இவ்வளவு பொறுமையான மனிதனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

போன மழைக்காலத்தில் புத்தகத்தின் ஒன்பதாம் பதிப்பு வந்தது. விண்ணப்பம் நிரப்ப வந்த ஒருவன் கையில் இருந்ததை சிவ்பூஜன் வாங்கிப் புரட்டினான். அதே பக்கம், அதே விடை. அட்டையில் அதே ஐயாயிரம். பாதி கடித்த லிட்டி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டான்.

"சாச்சா, தெரிஞ்சேதான் விட்டிருக்காரு. இந்த வருஷம் எத்தன பேரு இத எழுதிட்டு வரப் போறாங்களோ," என்றான் என்னிடம்.

"எந்திரி," என்றேன்.

நாங்கள் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் உமாகாந்த் மைக்கை வைத்துவிட்டு எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். மரியாதைக்கு அல்ல. முகத்தைவிடப் பெரிய கைக்கடிகாரத்தோடு அவர் கைகட்டி நிற்கிற விளம்பரம், மெயின் ரோட்டைப் பார்த்த என் லாட்ஜ் சுவரில்தான் தொங்குகிறது. லஸ்ஸி சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். பக்கத்தைத் திறந்து காட்டினான் சிவ்பூஜன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்யா. மூணாம் பதிப்புலயே தெரியும்," என்றார்.

"அப்பறம் ஏன் சார் திருத்தல?"

"திருத்துனா பிழை இருந்துச்சுன்னு ஆயிடும். பிழை இருந்துச்சுன்னா பணம் குடுக்கணும். பணம் குடுத்தா, பிழையில்லாத புஸ்தகம்னு நான் எப்பிடி விக்கிறது? ராய்ஜி, நீங்களும் தொழில் பண்றவர்தானே."

என் தொழிலையும் அதையும் அவர் ஒரே தட்டில் வைத்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் மூட்டைப்பூச்சி உள்ள கட்டிலை மூட்டைப்பூச்சி உள்ள கட்டில் என்று சொல்லித்தான் வாடகைக்கு விடுவேன். உமாகாந்த் மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டுகளை எடுத்தார். இதை வைத்துக்கொண்டு வாயை மூடு என்கிற முகம்.

சிவ்பூஜன் கையை நீட்டவில்லை. "இங்க வேண்டாம் சார். போர்டுல எழுதிட்டு அங்க குடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"முந்நூறு பேரு முன்னாடிதானே என்னை உக்காரச் சொன்னீங்க."

நான் ஒன்று மட்டும் சொன்னேன். "சார், அட்டையில போட்ட கூற்று உண்மைக்கு மாறா இருந்தாலும் உண்மைனுதான் வச்சுக்கணுமாமே. அவன் கேட்டபடி குடுத்துருங்க. இல்லேன்னா சாயங்காலமே உங்க படத்த இறக்கிட்டு, அந்தச் சுவத்துல இருநூத்துப் பன்னண்டாம் பக்கத்த ஆள் உயரத்துக்குப் பெயிண்ட்ல எழுதி வச்சிருவேன். பெயிண்ட் செலவு என்னுது."

 உமாகாந்த் நோட்டுகளோடு எழுந்து வகுப்புக்குத் திரும்பினார்.

போர்டில் மூன்று வட்டம் போட்டார். குதிரை வட்டம் முட்டை மாதிரி வந்தது. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, சரியான விடை இரண்டில் ஏதோ ஒன்று, கண்டுபிடித்தவர் சிவ்பூஜன் மஹ்தோ என்று மைக் இல்லாமல் முனகினார். கேட்கவில்லை என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். மைக்கில் இன்னொருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. முந்நூறு பேரும் தலையைக் குனிந்து புத்தகத்தில் அடித்துத் திருத்தினார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

சிவ்பூஜன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் அவன் கையைப் பிடித்து விரித்து நீட்டினேன். உமாகாந்த் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். ஏழாவது டேப் ஒட்டிய கிழிசல். அந்த நேரத்திலும் அவருக்கு அந்தப் புத்தி. மாற்றச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து வேறு எடுத்து வைத்தார். எட்டு, ஒன்பது என்று நான் உரக்க எண்ணினேன். பத்தாவது நோட்டு சிவ்பூஜனின் உள்ளங்கையில் விழுந்தது.