கட்டி வைத்த பட்டியல்: ஆற்காட்டிலிருந்து சின்னக் காஞ்சிபுரத்துக்கு

ஆற்காட்டுக்காரர்கள் காஞ்சிபுரம் போவதற்கு இரண்டே காரணங்கள்தான் சொல்வார்கள். ஒன்று கல்யாணப் புடவை, இன்னொன்று கோயில். நான் போனது ஒரு புத்தகப் பட்டியலில் ஒரே ஒரு வரியைக் காப்பாற்றுவதற்காக. எழுபதுகளின் தொடக்கம், மாசி மாதம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தேன். ஒரு நாள் லீவு வாங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

காஞ்சிபுரம் போகும் வழி கேட்டு இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் அதிகம். வழியும் சொல்கிறேன். ஆனால் இதில் வரும் விலைகளை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

நான் ஒரு புத்தகம் எழுதியிருந்தேன். 'பிரசவமும் பச்சிளங்குழந்தையும்', தொண்ணூற்றாறு பக்கம். நாலு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, காஞ்சிபுரத்தில் கன்னியப்பன் என்பவர் போட்டார். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு அச்சாபீஸ் வைத்தவர். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அச்சாகிக்கொண்டிருக்கும் ஒரு பாசுர விளக்க நூலின் கடைசிப் பக்கப் பட்டியலில் என் புத்தகத்தின் பெயர் இருக்கக் கூடாது என்று அந்த நூலாசிரியர் வீட்டில் சொல்கிறார்களாம். 'ஒரு நடை வந்து போகவும்' என்று முடித்திருந்தார்.

விளம்பரம் போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. வீட்டில் பிள்ளை பெற்று, காய்ச்சல் கண்டு, எல்லாம் முடிகிற நேரத்தில் மாட்டு வண்டியில் கொண்டுவரப்படும் பெண்களை வாரம் ஒருத்தியாவது பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் புத்தகக் கடைக்குப் போகிறவள் யார்? ஆனால் பாசுர விளக்கம் வீட்டுக்குள் வரும், எல்லார் கையிலும் போகும். அதன் கடைசிப் பக்கத்தில் என் வரி இருந்தால், எவளாவது ஒருத்தி பார்ப்பாள். அந்த ஒருத்திக்காகத்தான் கிளம்பினேன்.

ஆற்காட்டிலிருந்து காஞ்சிபுரம் முப்பது மைல். மைல்கற்களில் கிலோமீட்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், ஆனாலும் கண்டக்டர் மைலில்தான் பேசினார். காலை ஏழு மணிக்கு பஸ், டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது காசு. காவேரிப்பாக்கத்தில் ஏரியை ஒட்டிப் போகும்போது ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். எனக்குக் கிடைத்தது எஞ்சினுக்குப் பக்கத்து இடம். இறங்கும்போது ஒரு பக்கம் வெந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்னக் காஞ்சிபுரம் இரண்டு மைல் சொச்சம். ரிக்‌ஷாக்காரர் முக்கால் ரூபாய் கேட்டார். அரை ரூபாய்க்குப் பேசி ஏறினேன்.

"புடவை எடுக்கவாம்மா? நல்ல எடம் காட்டறேன்" என்றார்.

"புத்தகம் எடுக்க" என்றேன்.

"அதுக்கா இம்மாந்தூரம் வந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியை மிதித்தார்.

அச்சாபீஸ் ஒரு பாவு ஓடும் தெருவில் இருந்தது. நெய்வதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிறார்களே, அதுதான் பாவு. காலையில் அந்தத் தெருவில் நடப்பவர்கள் ஓரமாகத்தான் நடக்க வேண்டும். கன்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், விரல் நகமெல்லாம் மை.

"வாங்கம்மா. மோர் சாப்பிடுங்க மொதல்ல. அப்பால பேசலாம்" என்றார்.

அவருடைய வேலை முறையைச் சொன்னால்தான் இந்தச் சிக்கல் விளங்கும். புத்தகம் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக அச்சாகும். ஒரு தடவை ஓட்டுவது ஒரு பாரம். ஓட்டி முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி பெட்டியில் போட்டுவிடுவார்கள். கன்னியப்பன் ஒன்றை மட்டும் பிரித்ததே இல்லை. தன் முதல் புத்தகத்தோடு கோத்த பட்டியல் பக்கத்தை, தறியில் மிஞ்சும் கழிவுப் பட்டு நூலால் சுற்றிக் கட்டி, ஒரு பலகையில் வைத்திருந்தார். புதுப் புத்தகம் வந்தால் கட்டை அவிழ்க்காமலே, அடியில் ஒரு வரி சேர்த்து, மேலும் ஒரு சுற்றுக் கட்டுவார். எந்தப் புத்தகம் போட்டாலும் கடைசி பாரத்தில் இந்தப் பக்கம் ஏறிவிடும்.

ஆகவே, பெருமாள் புத்தகத்தின் முதுகில் கோழி இருக்கும். கோழி வளர்ப்புப் புத்தகத்தின் முதுகில் பெருமாள் இருப்பார். ஊரில் இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வார்களாம். "பந்தியில உக்காந்தவனை எழுப்பறதா?" என்பது அவருடைய பதில்.

எனக்கு ஒரு புரூஃப் தாள் கொடுத்தார். மேல் வரிகள் தேய்ந்து மங்கியிருந்தன, கீழே வர வர எழுத்து பளிச்சென்று இருந்தது. கடைசி வரி என்னுடையது.

"ஒரு வரிய உருவணும்னா கட்ட அவுக்கணும். நான் அவுக்க மாட்டேன். ஆனா புரூஃப்ல அவங்க வீட்டுக் கையெழுத்து வராம கடைசி பாரத்த ஓட்ட முடியாது. எழுதின அய்யங்காருக்குக் கண்ணு போயிடுச்சி, உடம்பும் சொகமில்ல. அவர் இருக்கறப்பவே புஸ்தகத்த அவர் கையில குடுக்கணும்மா."

"நாத்திகப் புத்தகம் ஒன்று இருக்கிறதே, அதை ஒன்றும் சொல்லவில்லையா?"

"அத வுட்டுட்டாரு அவர் பையன். நாஸ்திகனாவது பெருமாள் பேரைச் சொல்லித்தான திட்டறான்னாரு. பூஜையில வைக்கிற புஸ்தகத்துல பிரசவம்னு இருக்கக் கூடாதாம். தீட்டாம்."

எனக்கு வந்த கோபத்தை மோரோடு சேர்த்து விழுங்கினேன்.

ஆசிரியர் வீடு கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தது. எட்டு நிமிட நடை, கன்னியப்பனும் கூட வந்தார். மகன் ஸ்ரீநிவாசன் கதவைத் திறந்தார். பள்ளிக்கூட வாத்தியார், முப்பது வயதிருக்கும், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். மரியாதையாகவே கூடத்தில் உட்காரச் சொன்னார். உள்கட்டு வாசலில் அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையோரமாக நின்றுகொண்டாள். ஏழு மாதம் என்று பார்த்ததும் தெரிந்தது. கால் வீங்கியிருந்ததையும் பார்த்தேன். தொழில் புத்தி, சும்மா இருக்காது.

பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே, புத்தகம் வைத்து வாசிக்கும் சின்ன மரப்பலகை. அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் மகன் பாசுர உரையில் ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை வாசிப்பார், பெரியவர் பொருள் சொல்வார், உள்கட்டில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று வழியிலேயே கன்னியப்பன் சொல்லியிருந்தார். பாதி புத்தகம் அப்படி உருவானதுதான்.

"பட்டியல்ல என்னதான் இருக்கு? யாராவது வாசிங்கோ" என்றார் பெரியவர்.

மகன் கையை நீட்டுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"அடியார் வழித்துணை."

"அது நான் எழுதினது. கன்னியப்பனோட முதல் புஸ்தகம்" என்றார். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

பட்டுக்குச் சாயம் ஏற்றும் முறை. மாகறல் தல வரலாறு. கோழி வளர்ப்பும் நோய்களும். கூரம் செப்பேடு சொல்லும் செய்தி. ஏழாம் நம்பர் தறியின் மர்மம். நெசவாளருக்குத் தெலுங்கு. மேடைப் பேச்சுக்கு நூறு தொடக்கங்கள். கடவுள் எங்கே, ஒரு விவாதம். குறைந்த செலவில் கல்யாணச் சமையல். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். கோழிக்குக்கூட அசைத்தார். கடைசி வரிக்கு வந்தேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"பிரசவமும் பச்சிளங்குழந்தையும்."

"இதைத்தான் எடுத்துடலாம்னு, அப்பா" என்றார் மகன்.

பெரியவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எழுதினது நீங்கதானா?"

"ஆமாம், ஸ்வாமி."

"பிள்ளை பெத்த மூணாம் நாள் குளிர் ஜுரம் வருமே. அது அதுல இருக்கோ?"

"ஒரு அத்தியாயம் இருக்கிறது."

"என்னன்னு போட்டிருக்கேள்?"

சொன்னேன். கழுவாத கையாலும் கொதிக்க வைக்காத கத்தியாலும் வருவது என்று, வார்டில் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"என் பொண்ணு வேதவல்லி. இந்த ஆத்துலதான் பெத்தா. மூணாம் நாள் ஜுரம். ஒன்பதாம் நாள் போயிட்டா. பகவத் சங்கல்பம்னு எல்லாருக்கும் நான்தான் சமாதானம் சொன்னேன். அது போகாம இருந்திருக்கலாமோ? நெஜத்தைச் சொல்லுங்கோ."

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். விதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவருக்கு ஆறுதல், நானும் வேலை முடிந்து மாலை பஸ் பிடித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் அப்படி எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நிலையோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"போயிருக்க வேண்டியதில்லை, ஸ்வாமி. பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம்" என்றேன்.

பெரியவர் இரண்டு கைகளையும் மரப்பலகைமேல் வைத்துக்கொண்டார். "போயிட்டு வாங்கோ. அப்புறம் சொல்லி அனுப்பறேன்" என்றார். எழுந்தபோது என் பையிலிருந்து புத்தகத்தின் ஒரு பிரதியை எடுத்து அந்தப் பலகையோரம் வைத்தேன். மறந்து வைத்துவிட்டு வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

தெருவுக்கு வந்ததும் கன்னியப்பன், "கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாமேம்மா. வயசானவரு" என்றார்.

"பதமாகச் சொல்லிச் சொல்லித்தான் வண்டி வண்டியாக வருகிறார்கள்" என்றேன். ஆனால் நடக்க நடக்க, பெற்ற மகளை அந்த மனிதரிடமிருந்து இரண்டாம் தடவை பறித்துவிட்டோம் என்று தோன்றியது.

சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போகிறவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனம் இருக்காது. வரதராஜப் பெருமாள் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நாலு மணி ஆகலாம். வெயில் காலத்தில் கல் தரையில் கால் வைக்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். நூற்றுக்கால் மண்டபத்தை அவசரமாகப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி கிடைத்தால் வாங்குங்கள், ஒரு துண்டே ஒரு வேளைக்குப் போதும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பக்கத்துக் கிராமமான கூரம் போய்வரலாம். ரிக்‌ஷாவோ இந்தக் காலத்து ஆட்டோவோ, ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பாவு ஓடும் தெருக்கள் இன்றைக்கும் உண்டு, காலையில் எழுந்தால் பார்க்கலாம். அன்று நான் கோயிலைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். எதுவும் மனசில் ஏறவில்லை.

ஆறு மணிக்கு மேல் கன்னியப்பன், "நீங்க பஸ்ஸைப் பாருங்கம்மா. நான் ஒரு எட்டு போய்க் கேட்டுக்கினு வந்துடறேன்" என்றார். நானும் வருகிறேன் என்று கூடவே நடந்தேன். திட்டுவதானால் என்னையும் சேர்த்தே திட்டட்டும்.

அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மகன் பலகை முன் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். பாசுர விளக்கம் வாசிக்கும் அதே ராகம், அதே நிறுத்தம், ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை. வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் வாசகம் காதில் விழுந்தது.

"முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் எவரும் தாயைத் தொடக் கூடாது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் எவரும் தாயைத் தொடக் கூடாது."

என்னுடைய வாக்கியம். இரவு டியூட்டியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து எழுதியது. அதற்கு இப்படி ஒரு ராகம் கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் காலடி கேட்டு மகன் நிறுத்தினார். யாரென்று பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கன்னியப்பன்தானே? கட்டை அவுக்க வேண்டாம். அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

கன்னியப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்க சாமி" என்றார்.

"நீ வாசி" என்றார் பெரியவர் மகனிடம்.

மகன் அடுத்த வாக்கியத்துக்குப் போக வாயெடுத்தார். அதற்குள் உள்கட்டு நிலையோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்தப் பெண்ணின் குரல்.

"கை அலம்பற இடத்தை இன்னொரு தரம் வாசிங்கோ."

மகன் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையசைத்தார். மகன் மூன்றாம் தடவையாக வாசித்தார். ஆற்காட்டுக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு. அந்த அத்தியாயம் முடியும் வரை நான் வாசற்படியிலேயே நின்றேன்.